காந்தாரம் சொல்லாத கம்பிகள்

ஐரிஷ் புஸூக்கியை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கை விரல்களால் எதையும் அழுத்தாமல், பிக்கால் எல்லாக் கம்பிகளையும் ஒரே இழுப்பாக இழுத்தால் நான்கு சுரங்கள் எழும். இரண்டாம் ஜோடிக் கம்பியைச் சட்ஜமாக வைத்துக் கேட்டால் அவை மந்தர மத்யமம், சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம். உலோகக் கம்பிகள் என்பதால் ஒலி சட்டென்று அடங்காது. மணியோசைபோல மெல்ல மெல்லத் தேயும். அது தேய்ந்து முடியும்வரை காத்திருந்தாலும் காந்தாரம் வராது.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு இதன் விளைவு உடனே புரியும். ஒரு மெட்டின் முகத்தையே மாற்றக்கூடிய சுரம் காந்தாரம். சாதாரண காந்தாரம் ஒலித்தால் மெட்டின்மேல் ஒரு நிழல் விழும். அந்தர காந்தாரம் ஒலித்தால் வெளிச்சம் பரவும். மேற்கத்திய இசையில் மைனர், மேஜர் என்று பிரிப்பது முக்கியமாக இதை வைத்துத்தான். புஸூக்கியின் அழுத்தாத கம்பிகள் இரண்டில் எதையும் சொல்வதில்லை. அந்த முடிவை ஃபிடில் வாசிப்பவரிடமோ குழல் ஊதுபவரிடமோ விட்டுவிடுகின்றன. கிரேக்கத்திலிருந்து வந்த ஒரு கருவி, ஒரே தலைமுறைக்குள் அயர்லாந்து நாட்டுப்புற இசையில் வீட்டுப் பிள்ளை ஆனதற்கு இந்த அடக்கம் பெரிய காரணம்.

பார்வைக்கு அது வளர்ந்த மேண்டலின் போலிருக்கும். பேரிக்காய் வடிவக் குடம், நீண்ட தண்டி, இரண்டிரண்டாகக் கட்டிய எட்டுக் கம்பிகள். கம்பி அதிரும் நீளம் மேண்டலினில் சுமார் 35 சென்டிமீட்டர். இதில் பெரும்பாலும் 60-லிருந்து 68 வரை. அதனால் குரல் தாழ்ந்து, ஆண்குரல் பாடும் உயரத்துக்கு வந்துவிடும். ஜோடிக் கம்பிகள் இரண்டும் ஒரே சுரத்தில் இருந்தாலும் துல்லியமாக ஒன்றாகிவிடுவதில்லை. அந்த மயிரிழை வேறுபாட்டில் ஒரு மினுமினுப்பு பிறக்கும். கிதாரில் கிடைக்காத மினுமினுப்பு அது.

கிரேக்கத்தில் புஸூக்கி பட்ட பாடு தனிக் கதை. பெயர் 'பொஸுக்' என்னும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. உடைந்தது, மாற்றியமைத்தது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1922-இல் ஸ்மிர்னா நகரம் எரிந்தது. அடுத்த ஆண்டு லோசான் ஒப்பந்தப்படி மக்கள் பரிமாற்றம் நடந்தது. சின்ன ஆசியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமான கிரேக்கர்கள் அகதிகளாக வந்து இறங்கினார்கள். பிரேயஸ் துறைமுகத்தைச் சுற்றிய ஏழைக் குடியிருப்புகளில் அவர்களுடைய இசையும் உள்ளூர் இசையும் கலந்து 'ரெபெட்டிகோ' என்ற பாட்டு வகை வளர்ந்தது. காதல், வறுமை, சிறை, கஞ்சா எல்லாம் அதில் உண்டு. சிரோஸ் தீவிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மார்க்கோஸ் வம்வகாரிஸ், 1930-களில் புஸூக்கியை இசைத்தட்டில் ஏற்றிப் புகழ் பெற்றார். 1936-இல் அதிகாரத்துக்கு வந்த மெட்டாக்சாஸின் சர்வாதிகார அரசு அந்தப் பாட்டுகளைத் தணிக்கை செய்தது. பிறகு காலம் மாறியது. 1950-களில் மனோலிஸ் ஹியோட்டிஸ் மூன்று ஜோடிக் கம்பிகளுக்குப் பதில் நான்கு ஜோடி கொண்ட புஸூக்கியைப் பரவலாக்கினார். 1964-இல் 'ஸோர்பா தி கிரீக்' படமும் அதற்கு மிக்கிஸ் தியோடொராகிஸ் அமைத்த இசையும் உலகம் முழுக்க அந்த ஒலியைக் கொண்டுசேர்த்தன.

அயர்லாந்துக்கு அது வந்த விதத்தில் இந்த ஆரவாரம் எதுவும் இல்லை. 1960-களின் நடுவில், நண்பர் ஒருவர் கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்திருந்த புஸூக்கி, டப்ளின் இசைக்கலைஞர் ஜானி மாய்னஹன் கைக்கு வந்தது. அவ்வளவே. அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்லித்தர அங்கே ஒருவரும் இல்லை. கிரேக்கச் சுருதி அமைப்பை விட்டுவிட்டு, மாய்னஹன் கம்பிகளை ஜி, டி, ஏ, டி என்று கட்டினார். கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட அந்த நான்கு சுரங்கள் இவைதான். 1966-இல் உருவாகி 1968-இல் முதல் இசைத்தொகுப்பு வெளியிட்ட 'ஸ்வீனிஸ் மென்' குழுவில் அவர் புஸூக்கி வாசித்தார். ஆண்டி இர்வைன் அதே குழுவில் இருந்தார். லண்டனில் பிறந்து டப்ளினில் நிலைகொண்ட இர்வைனுக்கும் மேண்டலின் குடும்பக் கருவிகள்மேல் தீராத மோகம்.

ஃபிடிலோ மேண்டலினோ ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி சேர்க்கப்படும். மாய்னஹன் செய்த மாற்றம், கடைசி ஜோடியை ஈயிலிருந்து டிக்கு ஒரு சுரம் இறக்கியது மட்டும்தான். ஆனால் ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பகுதி டி, ஜி என்ற இரண்டு சுருதிகளைச் சுற்றியே வருபவை. டின் விசில், மரப் புல்லாங்குழல், இல்லியன் பைப் என்ற அயர்லாந்துப் பைக்குழல் எல்லாம் டியில் அமைந்தவை. ஆகவே கையை எடுத்துவிட்டால்கூட எந்தக் கம்பியும் முரண்டு பிடிக்காது. வலக்கை பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு சுருதிப்பெட்டி ஓடுவதுபோல அந்த டியும் ஏயும் நிறைந்து நிற்கும்.

அந்த இசைக்கு இது ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? ஐரிஷ் மரபிசை அடிப்படையில் தனி மெட்டு இசை. பத்துப் பேர் கூடி வாசித்தாலும் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். அவரவர் பிடி, அசைவு, மூச்சு மட்டும் மாறும். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் 'கார்ட்' என்ற மேற்கத்திய வழக்கம் அதற்குள் தாமதமாக நுழைந்த விருந்தாளி. நுழைந்தபோது சங்கடமும் கூடவே வந்தது. ஸ்லைகோவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய மைக்கேல் கோல்மன் (1891–1945) 1920-களில் பதிவுசெய்த இசைத்தட்டுகள் அயர்லாந்தில் ஃபிடில் வாசிப்பையே மாற்றியமைத்தவை. இன்றும் அவற்றைக் கேட்டால் ஃபிடில் பறவைபோல் பறக்கும். கூடவே வரும் பியானோ பல இடங்களில் மெட்டு எங்கே போகிறது என்று தெரியாமல் தடுமாறும். ஃபிடில் ஒரு காந்தாரத்தில் இருக்கும்போது பியானோ இன்னொன்றில் நிற்கும்.

தவறு பியானோ வாசித்தவருடையது மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஐரிஷ் மெட்டுகள் பெரும்பாலும் நான்கு சுர அமைப்புகளில் வருகின்றன. கணக்குப்படி பார்த்தால் அவை நம் சங்கராபரணம், ஹரிகாம்போதி, கரஹரப்ரியா, நடபைரவி ஆகியவற்றின் சுரங்களே. ஒரே மெட்டுக்குள் ஒரு வரியில் காகலி நிஷாதமும் அடுத்த வரியில் கைசிகி நிஷாதமும் வருவது அங்கே சகஜம். பழைய பைப் கலைஞர்களும் ஃபிடில் கலைஞர்களும் நிஷாதத்தை, சில நேரம் காந்தாரத்தையும், பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ ஓரிடத்தில் பிடிப்பார்கள். அந்த இடத்துக்குப் பியானோவில் கட்டையே கிடையாது. முடிவைத் தள்ளிப்போடத் தெரிந்த ஒரு பக்கவாத்தியத்துக்காக அந்த இசை காத்திருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

(இந்த மெட்டுகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துப் பேண்டு இசையைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் அமைத்த நோட்டுசுவரங்களில் 'ஜகதீச குருகுஹ' என்பதன் மூல மெட்டு, 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்ற ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டு என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். அது சங்கராபரணச் சுரங்களில் அமைந்தது.)

மாய்னஹன் கதவைத் திறந்தார் என்றால், வீட்டை அமைத்தவர் டோனல் லன்னி. 1947-இல் டல்லமோரில் பிறந்தவர், கிதார் வாசித்து வளர்ந்தவர், இடதுகைக்காரர். ஆண்டி இர்வைனிடமிருந்து ஒரு கிரேக்கப் புஸூக்கி அவர் கைக்கு வந்தபோது, கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார். இன்னொன்றும் செய்தார். கிரேக்க வழக்கப்படி தாழ்ந்த இரண்டு ஜோடிகளிலும் ஒரு கம்பி தடிமனாகவும், இன்னொன்று அதற்கு ஒரு ஸ்தாயி மேலே மெல்லியதாகவும் இருக்கும். லன்னி மெல்லியதை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே ஸ்தாயியில் கட்டினார். அடித்தளம் கனத்தது; தாளத்துக்கு உடம்பு கிடைத்தது. பிறகு பீட்டர் ஆப்னெட் என்ற ஆங்கிலேயக் கருவிக் கலைஞரிடம், கிரேக்கக் கருவியின் ஆழமான உருண்டைக் குடத்துக்குப் பதிலாக மூன்று பலகைகள் சேர்த்த ஆழம் குறைந்த முதுகோடு ஒன்று செய்து வாங்கினார். உருண்டைக் குடம் மடியில் வழுக்கும். இது பதிந்து உட்காரும். அயர்லாந்து இசைக்கென்றே செய்யப்பட்ட முதல் புஸூக்கி அதுதான் என்று சொல்வார்கள். இன்று கடைகளில் 'ஐரிஷ் புஸூக்கி' என்ற பெயரில் தொங்குபவை பெரும்பாலும் முதுகு தட்டையானவை.

1972-இல் கிறிஸ்டி மூர், டோனல் லன்னி, ஆண்டி இர்வைன், இல்லியன் பைப் கலைஞர் லியம் ஓ ஃப்ளின் நால்வரும் 'பிளாங்ஸ்டி' குழுவைத் தொடங்கினார்கள். அதில் லன்னியின் புஸூக்கியும் இர்வைனின் மேண்டலினும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகும் அழகு, அதற்குமுன் அயர்லாந்தில் கேட்டிராதது. ஒருவர் கார்ட் பிடிக்க மற்றவர் மெட்டு வாசிப்பது என்ற பிரிவினை அங்கே இல்லை. இரண்டு பேரும் பாடகருக்குப் பின்னால் ஆளுக்கொரு எதிர்மெட்டை நெய்வார்கள். எந்த இழை யாருடையது என்று பிரித்தெடுக்க மூன்று நான்கு முறை கேட்க வேண்டும். லன்னி 1973-இல் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர், முதன்முதலில் புஸூக்கியைக் கையிலெடுத்த அதே ஜானி மாய்னஹன்.

லன்னி அடுத்துச் சேர்ந்த 'பாத்தி பேண்ட்' வேறு மாதிரி. அங்கே வேகம்தான் மூச்சு. 1975-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு 'கெஷ் ஜிக்' மெட்டோடு தொடங்குகிறது. பைப், ஃபிடில், புல்லாங்குழல் மூன்றும் முன்னால் பாய, புஸூக்கியும் கிதாரும் கிளாவினெட் என்ற மின்விசைப்பலகையும் பின்னாலிருந்து தள்ளும். ராக் இசை கேட்டு வளர்ந்த ஐரிஷ் இளைஞர்கள், தாத்தா காலத்து மெட்டுகளை நோக்கித் திரும்பிவந்ததில் இந்தத் தள்ளுதலுக்குப் பங்கு உண்டு.

இதே ஆண்டுகளில் மேற்குக் கரையில் கால்வே பக்கம் இன்னொருவர் முற்றிலும் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் பிறந்து அயர்லாந்தில் குடியேறிய அலெக் ஃபின் (1944–2018), ஃபிடில் மேதை ஃபிராங்கி கேவினோடு 'டி டானன்' குழுவைக் கட்டியவர்களில் ஒருவர். அவர் கடைசிவரை வாசித்தது ஆறு கம்பி கொண்ட பழைய கிரேக்கப் புஸூக்கியை. சுருதியும் கிரேக்கர்களுடையதே: டி, ஏ, டி. லன்னியின் கை தாளத்தை இறுக்கிப் பிடிக்கும் என்றால், ஃபின்னின் கை தளர்ந்து மிதக்கும். நிறைய கார்ட் போடமாட்டார். ஃபிடில் ஒரு வளைவில் ஏறும்போது இவர் ஒரு சிறு சுரக்கோவையாக இறங்குவார். ஃபிடில் நிற்கும்போது இரண்டு சுரம் வைத்துவிட்டு விலகிக்கொள்வார். லன்னியின் வழியை ஆயிரம் பேர் பின்பற்றினார்கள், அது கற்றுக்கொடுக்கக் கூடியது. ஃபின்னின் வழியைப் பின்பற்றியவர்கள் மிகக் குறைவு. கருவியைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் ஃபின்னையும் கேவினையும் சேர்ந்து கேட்பதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. ஆரவாரம் குறைவு என்பதால் ஒவ்வொரு கம்பியின் வேலையும் காதுக்குத் துலங்கும்.

வாசிக்க விரும்புபவர் முதலில் பழக்க வேண்டியது வலக்கையை. ஜிக் என்ற ஆட்ட மெட்டு 'பார்' எனும் ஒரு தாள அளவுக்குள் 'தகிட தகிட' என்று ஓடும். பிக் கீழே, மேலே, கீழே. மறுபடி கீழே, மேலே, கீழே. ஒவ்வொரு 'த'வும் கீழ் இழுப்பில் விழ வேண்டும் என்பதால், அடுத்தடுத்து இரண்டு கீழ் இழுப்புகள் வரும் அந்த இடத்தில்தான் புதியவர் கை சிக்கிக்கொள்ளும். மணிக்கட்டு தளராமல் தோளால் வாசித்தால் ஐந்து நிமிடத்தில் வலி வந்துவிடும். ரீல் 'தகதிமி தகதிமி' என்று போவது. கீழும் மேலும் மாறிமாறி வரும். அது கைக்கு எளிது. ஆனால் வேகம் கூடியது. ஸ்லிப் ஜிக்கில் மூன்று தகிட. பால்கன் நாடுகளில் அலைந்து திரும்பிய ஆண்டி இர்வைன் ஏழும் ஒன்பதும் பதினொன்றுமாக எண்ணும் தாளங்களையும் ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தார். 1979-இல் பிளாங்ஸ்டி வெளியிட்ட 'ஆஃப்டர் தி பிரேக்' தொகுப்பில் 'ஸ்மெசெனோ ஹோரோ' என்ற பல்கேரிய ஆட்டம் இருக்கிறது. 'ஸ்மெசெனோ' என்றால் கலந்தது என்று பொருள்.

இடக்கைக்கு வேலை குறைவு. இரண்டு விரல்களால் இரண்டு ஜோடியை அழுத்தி, மற்ற இரண்டையும் அப்படியே ஒலிக்க விட்டாலே பாதி மெட்டுகளுக்குத் துணை போய்விடலாம். சுருதி மாறினால் தண்டியில் 'கேப்போ' என்ற கவ்வியை மாட்டி ஏற்றிக்கொள்வார்கள். அதற்குமேல் உள்ள வேலை காதுக்குத்தான்.

அயர்லாந்தில் இந்த இசை உயிரோடிருக்கும் இடம் 'செஷன்' எனப்படும் கூட்டு வாசிப்பு. பெரும்பாலும் பப்பில், மூலையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். மேடை இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். முதல் பகுதி இரண்டு முறை, இரண்டாம் பகுதி இரண்டு முறை, ஆக 32 பார் கொண்ட ஒரு சுற்று. இரண்டு மூன்று சுற்று முடிந்ததும், ஒரு நொடிகூட நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அது எந்த மெட்டு என்று பக்கவாத்தியக்காரருக்கு முன்கூட்டித் தெரியாமலிருக்கலாம். தொடங்கியவர் முகத்தைப் பார்த்து, முதல் இரண்டு சுரத்தைக் கேட்டு, அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே புஸூக்கிக்காரருக்கு எழுதப்படாத விதிகள் சில உண்டு. ஏற்கெனவே ஒரு கிதாரோ புஸூக்கியோ துணை வாசித்துக்கொண்டிருந்தால் இரண்டாவதாகப் போய்ச் சேரக் கூடாது; கேட்டு, சரி என்றால் சேரலாம். ஒரே மெட்டுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகக் கார்ட் போட்டால் மெட்டு நடுவில் நசுங்கும். மெட்டு தெரியாவிட்டால் முதல் சுற்றில் கை கட்டிக் கேட்க வேண்டும். தெரிந்தாலும், எவர் தொடங்கினாரோ அவருடைய வேகம்தான் வேகம். செஷன்களில் பக்கவாத்தியக்காரர்மேல் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை சத்தம், அவசரம் ஆகிய இரண்டைப் பற்றியவை. அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் கார்டுகளுக்கு முன்பே மெட்டுகளைக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஐம்பது ரீல்களைப் புஸூக்கியிலேயே மெட்டாக வாசித்துப் பழகிய ஒருவர், ஐம்பத்தோராவது ரீல் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே உணர்ந்துவிடுவார்.

கருவி அயர்லாந்தோடு நின்றுவிடவில்லை. டோனலின் தம்பி மேனஸ் லன்னி, ஸ்காட்லாந்தின் 'காப்பர்கெய்லி' குழுவில் நெடுங்காலம் புஸூக்கி வாசித்தவர். பிரான்ஸின் பிரிட்டனி, ஸ்பெயினின் கலீசியா, அஸ்தூரியாஸ் என்று பைப் இசை வழங்கும் பகுதிகளுக்கெல்லாம் அது பரவியது. இப்போது ஜி, டி, ஏ, டி என்று கட்டுபவர்களும் உண்டு. மெட்டு வாசிப்பதே முக்கியம் என்று ஃபிடில்போலக் கடைசிக் கம்பியை ஈயிலேயே வைப்பவர்களும், முதல் கம்பியை ஏயாக ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. சுமார் அறுபது ஆண்டு வயதே ஆன மரபு. இதுதான் சரி என்று சொல்ல அங்கே பெரியவர்கள் இன்னும் உருவாகவில்லை. அது நல்லதுதான்.

கேட்கத் தொடங்க ஒரே ஒரு பதிவைச் சொல்ல வேண்டுமானால், 1973-இல் வந்த பிளாங்ஸ்டியின் முதல் தொகுப்பில் முதலாவதாக உள்ளதைச் சொல்லலாம். கிறிஸ்டி மூர் நாடோடிகளோடு ஓடிப்போன ஒரு சீமாட்டியைப் பற்றிய பழைய கதைப்பாட்டைப் பாடுகிறார். பாட்டு முடிகிறது, ஆனால் இசை நிற்பதில்லை. கம்பிகள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்க, பாட்டுக்குள்ளிருந்தே வேறொரு மெட்டு வெளியே வருகிறது. லியம் ஓ ஃப்ளினின் பைப் அதை ஏந்திக்கொள்கிறது. சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ருவரி டால் ஓ கஹான் என்ற பார்வையற்ற யாழ்க் கலைஞரின் படைப்பு அது. ஸ்காட்லாந்தில் ஒரு சீமாட்டி அவர் யாரென்று அறியாமல், வாசி என்று அதட்டினாராம். அவர் மறுத்து வெளியேறினார். பின்னர் அந்தப் பெண்மணி தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்டபோது, சமாதானத்தின் அடையாளமாக இந்த மெட்டை அமைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஐரிஷ் மொழியில் மெட்டின் பெயர் 'தவர் தம் த லாவ்'. உன் கையைக் கொடு என்று அர்த்தம்.